அன்னனூரில் நின்றது

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. நம்ப முடியாதவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த அலுவலகத்துக்கு ஒரு விடுமுறை நாள் மத்தியானம் போய்த் தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும். இதில் வெள்ளைப் புடவை கிடையாது. மல்லிகைப்பூ வாசனை கிடையாது. நடுராத்திரியும் கிடையாது. பேய்க்கு இருட்டுதான் தோது என்று சொல்கிறவர்கள் பேயைப் பார்த்ததில்லை. ஆயுத பூஜை அன்று, ட்யூப்லைட் வெளிச்சத்தில், பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது.

அவள் பெயர் கவிப்பிரியா. கள்ளிக்குப்பத்துப் பெண். வேலப்பன்சாவடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படித்தவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்காது. அலுவலகத்தில் இதை அடக்கம் என்று ஒரு சாராரும், மந்தம் என்று மறு சாராரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதப் பயிற்சிக்காலம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். பதினொரு மாதமாகியும் வேலையை உறுதி செய்யவில்லை. கேட்டால், சுவரில் ஒட்டியிருந்த 'நாம் ஒரு குடும்பம்' போஸ்டரைக் காட்டுவார்கள். அந்தப் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள்.

அலுவலகம் இரண்டாவது மாடி. கீழே நட்டு போல்ட்டு குடோன். மற்ற நிறுவனங்களின் கணினிகளை இங்கே வைத்துப் பராமரிப்பதுதான் தொழில். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சர்வர் அறை. அதற்குள் ஆளுயர இரும்பு ரேக். ரேக்கில் இருந்த ஒரு பெரிய சர்வருக்குள் ஐந்து வி.எம். ஓடின. வி.எம். என்றால் மெய்நிகர் கணினி. கைக்கு அகப்படாது, கண்ணுக்கும் தெரியாது. ஒரே பெட்டிக்குள் ஐந்து கணினிகள் தனித்தனியாக வாழ்வதுபோல ஒரு பாவனை. அந்த ஐந்தும் பூந்தமல்லிப் பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையங்கள் சிலவற்றுக்குச் சொந்தம். யாருக்கு எவ்வளவு சர்க்கரை, யாருக்கு டெங்கு என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

ஐந்துக்கும் ரயில் நிலையங்களின் பெயர். பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி. வைத்தவர் ஜெகதீசன். கவிப்பிரியாவுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு பூஜை நாளில், ஓடிக்கொண்டிருந்த வி.எம்.மைத் தடாலென்று அணைத்து ஒரு நாள் ரிசல்ட்டை முழுதாகத் தொலைத்தார், வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்று சொல்வார்கள். அவள் அவரைப் பார்த்ததே இல்லை. பெயர் மட்டும் தினமும் காதில் விழும். யாராவது எதையாவது சொதப்பினால், "என்ன, ஜெகதீசன் பண்ணிட்டியா?" என்பார்கள். டீயைக் கொட்டினாலும் அதுதான். ஒரு மனிதனின் பெயரை வினைச்சொல்லாக்கிச் சிரிக்கிற குடும்பம் அது.

இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் டீம் லீடர் கிருபாகரன். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்து, மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்ப்பார்.

ஆயுத பூஜை அன்று பரிசோதனை நிலையங்கள் பதினொரு மணிக்கே மூடிவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்த இடைவெளியில் ஐந்து வி.எம்.களுக்கும் கெர்னலைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று கிருபாகரன் முடிவு செய்தார். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உயிர்நாடி. அதை மாற்றுவதற்கு முன்னால் ஓரமாக ஒரு இயந்திரத்தில் சோதித்துப் பார்ப்பார்கள். அவர் அதெல்லாம் நேர விரயம் என்றுவிட்டார். புதுசு ஏறியதும் பழைய கெர்னலைத் துடைத்துவிடு, இடத்தை அடைக்கிறது என்றும் உத்தரவு.

காலையில் பூஜை நடந்தது. நிர்வாகம் பார்க்கும் கோமளா பட்டுப்புடவையில் வந்து சர்வர் ரேக்குக்குச் சந்தனம் பூசினாள், குங்குமம் வைத்தாள், மாலை போட்டாள். சக்கரமே இல்லாத ரேக்குக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். ரேக்கில் இழுத்துப் பார்க்கிற தட்டில் ஒரு கீபோர்டு உண்டு. அதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாகச் சந்தனத்தில் ஒரு புள்ளி, அதன்மேல் குங்குமத்தில் ஒரு புள்ளி. நூற்றுச்சொச்சம் விசை. வேலையில் அவள் இவ்வளவு கவனம் காட்டி யாரும் பார்த்ததில்லை.

கவிப்பிரியா மத்தியானம் வேலை பார்க்கப்போகிறாள் என்று தெரிந்ததும் வாட்ச்மேன் துலுக்கானம் முகத்தைச் சுளித்தார். இன்றைக்குப் பொட்டு வைத்ததை நாளைக் காலையில்தான் கையில் எடுக்க வேண்டும், நடுவில் தொடக் கூடாது என்றார். "அதுக்கும் ஒரு நாள் லீவு குடு கண்ணு."

"லீவா? அதுக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் புடிக்கலாமா?" என்றார் கிருபாகரன். சிரித்துவிட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். கவிப்பிரியாவும் சிரித்தாள். அறிவியல் படித்தவள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்து அவளுக்கும் உள்ளூர இளப்பம்தான்.

அப்புறம் எல்லாரும் ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். கிருபாகரன் போகும்போது அவள் மேஜையைத் தட்டினார். "இதை ஒழுங்கா முடி. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல நான் கையெழுத்துப் போடறேன்."

துலுக்கானம் தான் கீழேதான் இருப்பதாகச் சொன்னார். "ஆனா தூங்கினா எழுப்பாத."

வேலை சுலபமாக முடிந்தது. ஐந்திலும் புதுக் கெர்னல் ஏறியது. சொன்னபடி பழையதைத் துடைத்தாள். ஐந்தையும் மறுபடி தொடக்கினாள். ஒன்றரை மணிக்கு எல்லாம் பச்சை விளக்கு. பொட்டலத்தைப் பிரித்தாள். வெளியே எஸ்டேட் முழுக்க ஓய்ந்து கிடந்தது. தினமும் அடிக்கிற பிரஸ் சத்தம் இல்லை, லாரி சத்தம் இல்லை. தெருவில் உடைத்த பூசணிக்காய்கள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன.

1.52-க்கு பட்டரவாக்கம் நின்றது.

அணையவில்லை. உறைந்தது. சர்வரைக் கேட்டால் 'ஓடுகிறது' என்றது. வி.எம்.மைக் கூப்பிட்டால் பதில் இல்லை. அதன் திரையைத் தன் கணினியில் திறந்து பார்த்தாள். எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. கர்சர் துடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபடி தூங்குகிறவனைப் பார்ப்பதுபோல இருந்தது.

புதுக் கெர்னலுக்கும் அந்தப் பழைய சர்வருக்கும் கடிகாரக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பது அவள் சந்தேகம். அப்படி ஒரு சிக்கலைப் பற்றிப் படித்திருந்தாள். கிருபாகரனுக்குப் போன் செய்தாள். மாமனார் வீட்டில் இருந்தார். பின்னால் டிவியில் பட்டிமன்றம்.

"என்ன, ஜெகதீசன் பண்ணிட்டியா?" என்றார் எடுத்த எடுப்பில். அவள் கடிகாரத்தைப் பற்றி ஆரம்பித்தாள். அவர் கேட்கவில்லை. அணைத்துப் போடு, வந்துவிடும் என்று வைத்துவிட்டார்.

வலுக்கட்டாயமாக அணைக்கிற பொத்தானை அழுத்தினாள்.

ப்ச்.

பின்னாலிருந்து வந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். ஒரு முட்டாளைப் பார்த்தால் வருமே, அது.

திரும்பினாள். காலி நாற்காலிகள். ஏ.சி.யில் தண்ணீர் சொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டரவாக்கம் எழுந்தது. உள்ளே நுழைந்து கடிகார அமைப்பை மாற்றினாள். அவள் மாற்றிக்கொண்டிருக்கும்போதே அம்பத்தூர் நின்றது. 1.56.

பட்டரவாக்கத்தை விட்டுவிட்டு அம்பத்தூருக்குப் போனாள். பட்டரவாக்கம் மறுபடி உறைந்தது. அமைப்பை மாற்றியும் பயனில்லை.

2.00. திருமுல்லைவாயில்.

அவள் கை நின்றது. பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில். நான்கு நான்கு நிமிடம். அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அது தெரியும். ஆவடி போகிற லோக்கல் வண்டி அப்படித்தான் ஒவ்வொன்றாக நிற்கும்.

கெர்னலுக்கு ரயில் பாதை தெரியாது. பெயர் வெறும் பெயர். எந்த வி.எம். முதலில் உறையும் என்பதற்கு எந்த வரிசையும் இருக்க நியாயமில்லை. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண் மட்டும் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

2.04.

அன்னனூர் நின்றது.

அன்னனூர்தான் முக்கியம். தகவல் எல்லாம் சேர்ந்து கிடக்கிற இடம் அது. அன்று காலையில் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட்டுகள் அதில் மட்டும்தான் இருந்தன. முந்தின ராத்திரி எடுத்த நகலில் அவை கிடையாது. பாதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கும், ஹார்டு டிஸ்க் வட்டில் எழுதி முடித்திருக்காது. இந்த நிலையில் அணைத்தால் போனது போனதுதான். ஊசி குத்தி ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்களை மறுபடி கூப்பிட்டு, உங்கள் ரத்தத்தைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும்.

ஆவடியைப் பார்த்தாள். 2.08 ஆனது. 2.09. 2.10.

ஆவடி நிற்கவில்லை. ஓடிக்கொண்டேயிருந்தது.

வண்டி அன்னனூரைத் தாண்டவில்லை என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

போன் அடித்தது. கிருபாகரன். பரிசோதனை நிலையத்துக்காரர் அவரைக் கூப்பிட்டுவிட்டார் போலிருக்கிறது. குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"நாலும் டவுனா? எல்லாத்தையும் ஃபோர்ஸ் ஆஃப் பண்ணு."

"சார், அன்னனூர்ல காலைல ரிசல்ட் எல்லாம் இருக்கு. அணைச்சா போயிடும்."

"போகாது. பண்ணு."

பதினொரு மாதத்தில் அவள் அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு வந்துவிட்டது. "அதை வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடறீங்களா, சார்?"

பட்டிமன்றத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"எழுதி வேற குடுக்கணுமா உனக்கு? அஞ்சு நிமிஷத்துல பண்ணு. இல்லன்னா நாளைக்கு ஐ.டி. கார்டைக் கோமளா கிட்ட குடுத்துட்டு நடையைக் கட்டு."

வைத்துவிட்டார்.

பொத்தானை அழுத்துவது அவள் விரல். பதிவாகப்போவது அவள் பெயர். அவர் சொன்னதற்குச் சாட்சி, மாமனார் வீட்டு டிவி. அழுத்தாவிட்டால் வேலை இல்லை. அழுத்தினால் அடுத்து வருகிறவர்கள் 'கவிப்பிரியா பண்ணிட்டியா?' என்று சிரிப்பார்கள். எத்தனை வசதியான ஏற்பாடு.

அன்னனூரின் திரையைத் திறந்தாள். கர்சர் செத்துக் கிடந்தது. மவுஸை நகர்த்திப் பொத்தானின்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

ப்ச்.

இந்தத் தடவை இடது காதுக்குப் பக்கத்தில்.

மிகப் பக்கத்தில்... கழுத்து முடி அசைந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

திரையில் கர்சர் துடித்தது.

ஒரு முறை. இரண்டு முறை.

அவள் கீபோர்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

எஸ்...

ஒய்...

என்...

சி...

ஒற்றை விரலால் அடிக்கிறவர் மாதிரி, நிதானமாக. நினைவகத்தில் இருப்பதையெல்லாம் வட்டில் எழுதி முடி என்று சொல்கிற கட்டளை அது.

எண்டர்.

மறுபடி அதே நாலு எழுத்து. எண்டர்.

மூன்றாவது தடவையும். எண்டர்.

ஒரு தடவை போதும். எல்லாருக்கும் தெரியும். இப்போது யாரும் மூன்று தடவை அடிப்பதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சர்வரின் வட்டு விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. எழுதியது. எழுதிக்கொண்டேயிருந்தது.

நின்றது.

திரை இருண்டது. அன்னனூர் தானாகவே மறுபடி தொடங்கியது. எந்தக் கெர்னலில் எழுவது என்று கேட்கிற பட்டியல் வந்தது.

ஒரு வரிதான் இருக்க வேண்டும்.

இரண்டு இருந்தன.

அவள் துடைத்தெறிந்த பழைய கெர்னல். தன் கையால் துடைத்தது. இல்லை என்று சரிபார்த்தது.

வெள்ளைப் பட்டை மெதுவாக... ஒரு வரி கீழே இறங்கியது.

எண்டர்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. அன்னனூர் எழுந்து நின்றது. தகவல்களைச் சரிபார்த்தாள். காலை ரிசல்ட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. அறிவு ஒரு ஓரமாக வேலை செய்தது. உறைந்த மற்ற மூன்றிலும் போகக் கூடிய தகவல் எதுவும் கிடையாது. அவற்றை அணைத்து, அன்னனூரில் இருந்த பழைய கெர்னலைப் பிரதியெடுத்து அவற்றிலும் போட்டாள். ஆவடிக்கும் போட்டாள். நாலரைக்குள் ஐந்தும் பழைய கெர்னலில் ஓடின. அதன்பின் எதுவும் உறையவில்லை.

பயந்த பெண்ணுக்கும் படித்த புத்தி போகாது. யாரோ சர்வர் அறைக்குள் புகுந்து தட்டில் இருக்கும் கீபோர்டில் அடித்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்று முடிவு கட்டினாள். உள்ளே போனாள். ஊதுபத்திப் புகை இன்னும் தங்கியிருந்தது. தட்டை வெளியே இழுத்தாள்.

கோமளா வைத்த பொட்டுகள் வரிசை கலையாமல் இருந்தன. ஒவ்வொரு விசையிலும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

கீழே துலுக்கானம் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். யாராவது மேலே வந்தார்களா என்று எழுப்பிக் கேட்டாள். "யார்மா வருவா, பூசையும் அதுவுமா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியும் முன்பே கிருபாகரனின் மின்னஞ்சல் எல்லாருக்கும் வந்திருந்தது. ஒரு பெரும் சிக்கல் அவருடைய நேரடி வழிகாட்டுதலில் சாதுரியமாகத் தீர்க்கப்பட்டதாம். கட்டைவிரல் படங்கள் குவிந்தன.

அடுத்த வேலை நாளில் கூட்டம் போட்டார். சுண்டல் கொடுத்தார்கள். கவிப்பிரியாவின் உறுதிக் கடிதத்தில் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பரவால்ல. நம்ம கவி ஜெகதீசன் பண்ணல," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள்.

ப்ச்.

யாரும் கவனிக்கவில்லை. சிரிப்பு அப்படியே தொடர்ந்தது. கிருபாகரன் மட்டும் சட்டென்று பின்னால் திரும்பினார். பின்னால் சுவர். அந்தப் போஸ்டர். அவர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

அவருக்கும் கேட்கிறது. முதல் தடவை இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கோமளாவை லேடீஸ் ரூமில் பிடித்தாள் கவிப்பிரியா. ஜெகதீசன் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டாள்.

கோமளா குழாயை மூடினாள். கதவைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூஜை முடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது, இன்றைக்கு வேலை செய்ய முடியாது என்று அவர் கிளம்பிவிட்டார். அவசரத்தில் தன் கணினியைப் பூட்டக்கூட இல்லை. பட்டரவாக்கத்தில் 1.52 வண்டியைப் பிடித்திருக்கிறார். மறுநாள், வி.எம்.மை அணைத்துத் தகவலைத் தொலைத்ததற்காக வேலைநீக்கம் என்று கோமளாதான் கடிதம் அனுப்பினாள். சாயந்திரம் அவர் தங்கை போன் செய்தாள்.

"அவர் வீடு போய்ச் சேரவே இல்லம்மா. வண்டியிலயே போயிட்டாராம்."

"எங்கக்கா?"

"அன்னனூர்ல இறக்கியிருக்காங்க."

"வி.எம்.மை எப்ப அணைச்சாங்க?"

"அது சாயந்திரம் ஆறு மணிக்கு."

"அப்ப அணைச்சது யாரு?"

கோமளா கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள். "அது டெக்னிக்கல் விஷயம்மா. எனக்கு என்ன தெரியும்?"

அவ்வளவுதான். பூட்டாத கணினியில் யார் அழுத்தினாலும் பதிவாவது ஜெகதீசன் பெயர். செத்தவன் பதில் சொல்ல மாட்டான். அதைவிடத் தோதான ஆள் கிடைப்பானா? கிருபாகரனுக்கு மறுநாளே எல்லாம் தெரியும். தெரிந்தும் அந்தப் பெயரை வைத்து இரண்டு வருஷம் சிரிக்கவைத்திருக்கிறார். கோமளாவுக்கும் தெரியும். அவளும் சிரித்திருக்கிறாள். கவிப்பிரியாவும்தான் சிரித்தாள், விஷயம் தெரியாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்கு ரயில் ஏறினாள். இறங்கி, சேக்காட்டில் விசாரித்துக்கொண்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். அடையாளத்துக்கு மாட்டிக்கொண்டு வந்த ஐ.டி. கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் கதவைத் தட்டினாள். அவருடைய தங்கை வடிவு திறந்தாள். தைக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. எந்த அலுவலகம் என்று சொன்னதுமே முகம் இறுகியது.

"இன்னா, இப்பத்தான் ஊடு தெரிஞ்சுதா?"

கவிப்பிரியாவுக்கு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் மறந்துபோயிற்று. கடைசியில் வாசலில் நின்றபடியே சொன்னாள். "உங்க அண்ணன் அதைப் பண்ணல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வடிவு அழவில்லை.

"தெரியும். எங்கண்ணன் ஒரு லைட்ட அணைக்கணும்னாலே மூணு தபா பாக்கும். எவனையும் மதிக்காது. எதுக்கெடுத்தாலும் ப்ச், ப்ச்சுன்னும். ஆனா வேலையில ஒண்ணும் வுடாது."

உள்ளே கூப்பிட்டாள். போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. காய்ந்திருந்தாலும் இன்னும் எடுக்கவில்லை. போட்டோவுக்கு முன்னால் ஒரு பழைய கீபோர்டு. அதன் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அந்த வீட்டில் கணினி எதுவும் கிடையாது.

பூஜைக்கு வைத்தோம் என்றாள் வடிவு. "வேற இன்னா ஆயுதம் கீது அதுக்கு?"

ஒவ்வொரு விசையிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சிலவற்றில் மட்டும் இல்லை.

"அத்தினி கட்டைக்கும் நாந்தான் குந்திகினு பொட்டு வெச்சேன். சோறு துன்னுட்டு மூணு மணிக்கா வந்து பாத்தா, இந்த ஆறு கட்டைல மட்டும் காணோம். பல்லி ஓடிருக்கும்னு எங்கம்மா சொல்லுது."

கவிப்பிரியா குனிந்து பார்த்தாள்.

எஸ்.

ஒய்.

என்.

சி.

கீழே காட்டுகிற அம்பு.

ஐந்தும் துடைத்த மாதிரி இருந்தன. ஆறாவது எண்டர். அது பெரிய விசை என்பதால் சந்தனத்தை அப்பியிருந்தாள் வடிவு. அதில் முழுதும் போகவில்லை. காய்ந்த சந்தனத்தின் நடுவில் ஒரு விரல் அழுத்திய பள்ளம் இருந்தது. ரேகை தெளிவாகத் தெரிந்தது.

வடிவின் விரலைவிட அது பெரியது.